முட்டி அண்ணாச்சியும் ஸ்வெட்டர் கழுத்தும்

தீபாவளியன்று விடியற்காலையிலிருந்து மழை கொட்டி, சிவகாசிச் சரக்கெல்லாம் வீட்டுக்கு வீடு நமத்துப்போன வருடம் ஒன்று உண்டே, அதற்கு அடுத்த கோடையில்தான் முட்டி அண்ணாச்சி எங்கள் கம்பெனிக்கு வந்தார். குழந்தைகளின் தலையைத் தன் முழங்காலால் அளந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

விருதுநகர் வெயிலில் ஸ்வெட்டர் கம்பெனியா என்று சிரிக்காதீர்கள். மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு இங்கிருந்துதான் போனது. மெஷினில் பின்னி வந்த முன்பாகம், முதுகு, கைகளை, இழுத்தால் விரிகிற ஓவர்லாக் தையலில் மூட்டி, கழுத்துப்பட்டி வைத்து, பிசிறு வெட்டி என்னிடம் தருவார்கள். நான் அயர்ன் போடுவேன். மே மாதம், கம்பளி, நீராவி. வெளியே வந்து வெயிலில் நின்றால் குளுகுளுவென்று இருக்கும்.

கழுத்து மூட்டுவது அண்ணாச்சியின் வேலை. எப்போதோ விழுந்து வீங்கிய வலது முட்டி அவருக்கு. சின்னப் பிள்ளை தலை அளவு இருக்கும். ஒவ்வொரு கழுத்தையும் காலில் நுழைத்து முட்டிக்கு ஏற்றிப் பார்ப்பார். ஏறினால்தான் விடுவார். சில நாள் கழற்ற மறந்து அப்படியே டீக்கடைக்கு வந்துவிடுவார்.

"அந்தக் கால் மட்டும் ஊட்டிக்குப் போயிருக்கோ அண்ணாச்சி?" என்பார் டீக்கடைக்காரர்.

"காலாவது போகட்டும்லே" என்பார் அண்ணாச்சி.

ஒருமுறை லோடு ஏற்ற இரண்டு நாள்தான் இருந்தது. முதலாளி அவசரப்பட்டு, மிச்சக் கழுத்தையெல்லாம் சாதாரணத் தையல் மெஷினில் ஓட்டச் சொன்னார். டேப்பில் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கம்பளி விரியும். அந்தத் தையல் விரியாது. எங்களில் ஒருவரும் ஸ்வெட்டர் போட்டதில்லை, எப்படித் தெரியும்? அண்ணாச்சி முட்டிக்கு ஏற்றினார். பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். பிரித்துவிடுங்கள் என்று சொன்னதே நான்தான்.

சாப்பிட்டு வந்த முதலாளி, கழுத்தில்லாத ஸ்வெட்டர் குவியலைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீக?"

"பச்சப்பிள்ளைக காதக் கேட்டுத்தான் பிரிச்சேன், முதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பி, இது எனக்கும் தெரியுமா என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயம். ஒரே ஸ்வெட்டர் கையைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், போய்விட்டார்.

மறுநாள் முதலாளி பிரிக்காத ஒன்றைத் தன் மகளுக்கு மாட்டிப் பார்த்தார். உச்சந்தலையோடு நின்றது. உள்ளேயிருந்து அழுகை மட்டும் வெளியே வந்தது. எல்லாவற்றையும் பிரித்து மூட்டினோம். லோடு பிந்தியது, ஆனாலும் ஆர்டர் தப்பியது. முதலாளியே தாயில்பட்டிக்குப் போய் அண்ணாச்சி குடியிருந்த வீட்டைப் பார்த்தார். பூட்டிக் கிடந்தது. திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். அதன்பிறகு எத்தனையோ பேர் கழுத்து மூட்ட வந்தார்கள். நல்ல கைகள்தான். நான்தான் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்து ஏமாந்துபோவேன்.

திருப்பூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் எங்கேயாவது அவரைப் பார்த்தால், முதலில் சாப்பிட்டீகளா என்று கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்: பிரிக்கச் சொன்னது நான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பிந்திவிட்டது.