செக்கச் செவேலென்று ஒரு கை

மின்விசிறிக்குக் கீழே இரண்டு கைகளையும் நீட்டியபடி வெகு நேரமாக உட்கார்ந்திருந்தாள் கணக்கு டீச்சர். மருதாணி காய்கிற வழியைக் காணோம்.

"சளி பிடிச்சிருக்கு, மருதாணி குளிர்ச்சின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் மாமியார்.

"மூக்குதான் அடைச்சிருக்கு அத்தை. கை நல்லாத்தான் இருக்கு!"

மறுநாள் தங்கைக்குக் கல்யாணம். எவள் கை அதிகம் சிவக்கிறதோ அவள் புருஷனுக்குத்தான் பாசம் அதிகம் என்று சித்தி மகள், பெரியம்மா மகள் எல்லாரும் கூடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். போன கல்யாணத்தில் டீச்சர் கை வெளிறிய ஆரஞ்சு. புருஷன் பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்டார். இந்த முறை விடுவதாக இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து கோனை எடுத்து, தானே இரண்டு கையிலும் கொடியும் மயிலுமாக இழைத்துவிட்டாள்.

"வாசனை ஒரு மாதிரி இருக்கே?" என்றார் புருஷன்.

"அசல் மருதாணி இப்படித்தான் மணக்கும். ஹேர் டிரையரைக் காட்டுங்க."

காட்டினார். மயில் உருகி முழங்கையை நோக்கி நடந்தது.

"ஐயோ, வழியுதுடி!"

"வழியட்டும். இப்பல்லாம் முழங்கை வரைக்கும் போடறதுதான் ஃபேஷன். எலுமிச்சம்பழச் சாறுல சர்க்கரையைக் கரைச்சுத் தொட்டு வைங்க. கப்புன்னு பிடிச்சுக்கும்."

பஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்தார். சற்று நேரத்தில் சுவரிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக இறங்கின.

"சர்க்கரையை அள்ளிக் கொட்டிட்டீங்க!"

கைகளைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். அவர் ஊதினார். மாமியார் செய்தித்தாளால் விசிறினார். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. பழக்கதோஷத்தில் கை மூக்குக்குப் போக, பாதி மயில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"கழுவித் தொலையேன்!" என்றார் மாமியார்.

"அசைய மாட்டேன் அத்தை. நாளைக்கு இந்தக் கையைப் பார்த்து அத்தனை பேரும் வாயடைச்சுப் போகணும்."

புருஷன் ஊதுவதை நிறுத்தினார். "எனக்காகவா இவ்வளவு பாடு?"

"பின்னே? உங்க மானம் என் கையிலதானே இருக்கு!"

டியூஷன் முடிந்து வந்த மகள் நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அம்மா, மருதாணி கோன் பிரிக்காம அப்படியே இருக்கு. கேக் மேல எழுத நான் வச்சிருந்த சாக்லேட் கோன் எங்கம்மா?"