பீரோ சாவித் துவாரத்தில் குடிவந்தவள்

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு,

அண்ணன் தமிழழகன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மணிமொழியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை பிரேமும், காது குத்திக்கொள்ளப்போகும் என் மருமகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்கு என்னால் வரமுடியாது போலிருக்கிறது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மருமகளுக்கு வாங்கிய தோட்டை, வீட்டில் மராமத்து வேலை நடக்கிறதே என்று, காலாண்டு விடுமுறைக்கு முன்பே டப்பாவோடு பள்ளிக்கூடத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், சாவித் துவாரத்தின் மேலேயே ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டக் கையை ஓங்கினேன். சத்துணவு சமைக்கும் கொளஞ்சி அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "இடிக்காதீங்க சார்! குளவி கூடு கட்டுனா யாராச்சும் முழுகாம இருக்காங்கன்னு அர்த்தம். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

அதற்குள் ஆறாம் வகுப்பே கூடிவிட்டது. நானும் வாத்தியார் மிடுக்கில், "குளவி புழுவைத் தூக்கிவந்து கொட்டிக்கொட்டியே அதையும் குளவியாக்கிவிடும்" என்று சொல்லிவைத்தேன். கோகுலகிருஷ்ணன் என்றொரு பயல் எழுந்து, "நீங்க பாத்தீங்களா சார்?" என்றான். பாவி! பார்க்கவில்லையே. "சரிடா, பாத்துருவோம்" என்று என் வாய் சும்மாயிராமல் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் முறைவைத்து பீரோவுக்குக் காவல்.

போன வாரம் கழிவறைச் சுவரிலிருந்து அதேபோல் ஒரு கூடு உதிர்ந்து கிடந்தது. மெல்லப் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வெற்றி, எப்படிச் சொல்வேன்! மேலிருந்து ஒரு நூல். அதன் நுனியில் அரிசிக் குருணைபோல ஒரு முட்டை தொங்குகிறது. கீழே பச்சைப் புழுக்கள். செத்ததென்று நினைத்துத் தொட்டால் நெளிகின்றன, ஓடத்தான் முடியவில்லை. பிள்ளை பிறக்கும்வரை சோறு கெடக்கூடாதென்று கொல்லாமல் கொட்டி அடுக்கியிருக்கிறாள் தாய். "அப்ப புழு குளவியாவல சார், குளவிக்குச் சோறாவுது" என்றான் கோகுலகிருஷ்ணன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் சொன்னது தப்புதான் என்று ஒப்புக்கொண்டு லென்ஸை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பீரோக் கூட்டை வாய் மூடிவிட்டு அவள் போயே விட்டாள். குஞ்சு எப்போது வெளியே வருமோ தெரியாது. நேற்று பூட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் கைகோத்து மறித்துவிட்டார்கள். "காது அடுத்த மாசங்கூடக் குத்தலாம் சார், இது போனா வராது" என்கிறார்கள். மணிமொழிக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் உன்னைவிட அதிகம் திட்டுவாள். வெறுங்கையோடு வந்து உன் மாமியார் வீட்டார் முன்னால் நான் நிற்பதா? தேதியைத் தள்ளிவை தாயி.

மருமகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு வணக்கம். கோபம் ஆறியதும் பதில் போடு.

உன் அண்ணன்,
தமிழழகன்

பின்குறிப்பு: தேதியைத் தள்ளவேண்டாம். உறையை ஒட்டும்போது பிள்ளைகள் கத்தினார்கள். மண்ணில் ஓர் ஓட்டை. முதலில் மீசை, பிறகு தலை. வெளியே வந்தவள் பீரோ கைப்பிடியில் சற்று உட்கார்ந்து இறகை உதறிவிட்டு, ஜன்னல் வழியே முந்திரிக்காட்டுப் பக்கம் பறந்துவிட்டாள். காலிக் கூட்டைச் சுரண்டிவிட்டு பீரோவைத் திறந்தேன். டப்பா இருக்கிறது, தோடு இல்லை! உடனே மணிமொழிக்குப் போன் போட்டேன். "நீங்க எடுத்துட்டுப் போனது வெறும் டப்பாங்க. பள்ளிக்கூடத்து பீரோவ நம்பி யாராச்சும் நகைய வெப்பாங்களா? தோடு வூட்ல அரிசி டின்னுலதான் இருக்கு" என்றாள். ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். அவளைத் திட்ட மனம் வரவில்லை வெற்றி. தோடு உள்ளே இல்லை என்று தெரிந்திருந்தால், அந்தக் கூட்டை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.