இரண்டு தட்டுத் தூசி

பாமாகோ

அன்பும் மரியாதையும் நிறைந்த தெனேபா அக்காவுக்கு, தங்கை சித்தான் எழுதுவது. அங்கே எல்லோரும் அமைதிதானே? அத்தான் அமைதியா? பிள்ளைகள் அமைதியா? அபிஜான் கடல் அமைதியா? இங்கே அமைதியைத் தவிர எல்லாம் இருக்கிறது. உனக்குப் பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் தூசி.

சிரிக்காதே. கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துத் தொலைத்தவள் நான். பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றில் வரும் ஒவ்வொரு மணல் துகளும் ஒரு பேருந்து. உள்ளே பாக்டீரியா, கூரைமேல் மூட்டை மூட்டையாகப் பூஞ்சை வித்து. இது தெரியாதவர்கள் தூங்குகிறார்கள். மூளைக்காய்ச்சல் காலம் வேறு. என் பிள்ளை பகாரிக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை, அதற்குள் கிழவன் மாதிரி இருமுகிறான். நான் என்ன செய்வேன்? ஜன்னல், கதவிடுக்கு எல்லாவற்றிலும் ஈரத்துணியை அடைத்தேன். காயக் காய நனைத்தேன். துணி நாறியது, அதற்காக வுசுலான் தூபம் போட்டேன், நம் வீட்டில் செய்வது போலத்தான், கொஞ்சம் அதிகமாக. இருமல் கூடியது. துணியைக் கூட்டினேன், தூபத்தையும் கூட்டினேன். என் வீட்டுக்காரர் மொதிபோ கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நான் கடையிலயே படுத்துக்கிறேன், நீ இந்த மீன் சுடுற அடுப்புல இரு" என்று பாயோடு போய்விட்டார். பெற்ற பிள்ளையைத் தூசிக்கு விட்டுக்கொடுத்த தகப்பன்!

அவருக்குப் புரியவைக்க இரண்டு தட்டுகளில் இறைச்சிச் சாற்றைக் கடற்பாசியில் உறையவைத்து, ஒன்றை முற்றத்திலும் ஒன்றைத் தொட்டிலருகிலும் சிறிது நேரம் திறந்து வைத்து, பிறகு மூடிவிட்டேன். முளைக்கட்டும், பார்க்கட்டும்.

அதற்குள் இன்று எதிர்வீட்டு நியெலே திராவோரே வந்தாள். நாம் தியாரா குலம், அவள் திராவோரே குலம். கேலி உறவுக்காரி என்ன செய்தாலும், வழக்கம்போலக் காராமணி தின்னி என்று ஏசினாலும், கோபிக்க நமக்கு வழியில்லையே. வந்தவள் துணிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். பகாரியை முதுகில் கட்டிக்கொண்டாள்.

"ஏண்டி காராமணி தின்னி, புள்ளைய வளக்குறியா, கருவாடு போடுறியா?"

"வெளிய தூசிடி, கொண்டு போகாதே."

"உன் வீட்டு நாத்தத்துக்குத் தூசியே தேவலை. புள்ள எனக்கு. திரும்ப வேணும்னா காராமணி ஆக்கிக் கொண்டா."

போயே விட்டாள். என் குழந்தை அவள் முற்றத்தில் கிடக்கிறான். எனக்கு யாருமில்லை அக்கா. கையெடுத்துக் கும்பிடுகிறேன், வந்து எங்கள் இருவரையும் அபிஜானுக்குக் கூட்டிப் போ. மழை வரும்வரை திரும்ப மாட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு முத்தம். இறைவன் நம் எல்லோரையும் காலையில் ஒரே அலறலில் அல்ல, நிதானமாக ஒவ்வொருவராக எழுப்பட்டும்.

உன் துர்ப்பாக்கியத் தங்கை,
சித்தான் தியாரா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டிய பேருந்து பழுதாகி இரண்டு நாளாக நிற்கிறது. இன்று தட்டுகளைத் திறந்தேன். முற்றத்துத் தட்டில் நாலைந்து மஞ்சள் புள்ளிகள். தொட்டிலருகே வைத்ததில் கறுப்பும் பச்சையுமாக ஆட்டுத்தாடி. என் ஈரத்துணியில் வளர்ந்த பூஞ்சைதான் அது. பகாரி அங்கே போனதிலிருந்து இருமவில்லை. பாலுக்கு மட்டும் நியெலே என்னைக் கூப்பிடுகிறாள். நீ வர வேண்டாம். காராமணி அடுப்பில் வேகிறது. காராமணி தின்னிதான் என்று ஒப்புக்கொண்டது போல ஒரு தியாரா அந்தப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து திராவோரே வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் அவள் ஊரையே கூட்டி வைத்திருக்கிறாள். இன்றைக்குப் பார்த்துத் தூசியே இல்லை அக்கா, எல்லோர் கண்ணுக்கும் நான் நன்றாகத் தெரிவேன்.