நிம்மதி ஆய்வு

அந்தச் சிறிய தீவில் வெளியூர்க்காரர்கள் குடியேற ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்று ஆண்டுதோறும் அரசு ஆய்வாளர் வீடு தேடி வந்து பார்ப்பார். நிம்மதி குறைந்தவர்களை அடுத்த படகில் ஏற்றிவிடுவார்.

நகரத்தில் மேலாளராக இருந்த ஒருவர், தெரிந்தவர்களெல்லாம் தீவுக்குப் போகிறார்களே என்று, தாமும் ஃபிளாட்டை விற்றுவிட்டு மனைவியோடு அங்கே போனார். இனித் திரும்பிப் போக வீடில்லை. ஆகவே, ஆய்வு நாளன்று விடிந்ததிலிருந்தே வலை ஊஞ்சலில் படுத்து, மும்முரமாக நிம்மதியாக இருந்தார்.

ஆய்வாளர் வந்தார். மேலாளரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "திருப்தி," என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரைமேல் மேலாளரின் மனைவி, உப்புக்காற்று அரித்த தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு வேர்க்குதே."

"வீடு ஒழுகுதுங்க. இதை முடிச்சுட்டுத் தண்ணி இறைக்கணும், பூஞ்சை பிடிச்ச துணியெல்லாம் துவைக்கணும்."

"அப்ப நீங்க நிம்மதியா இல்ல."

"நானும் நிம்மதியா உட்கார்ந்தா, இவர் எப்படிங்க நிம்மதியா படுக்கிறது?"

மேற்படி வாதத்தில் நியாயம் இருப்பதாக ஆய்வாளர் கருதினார். சற்று யோசித்தார்.

"ஒரு வழி இருக்கும்மா. உங்களை இவரோட வேலையாளா பதிஞ்சுக்கிறேன். வேலையாளுக்கு நிம்மதி கட்டாயமில்ல. எத்தனை வருஷம் வேணாலும் இருக்கலாம்."

"இவரு?"

"நீங்க வேலை பார்க்கிற வரைக்கும் இருக்கலாம். நீங்க நின்னுட்டா, அன்னைக்கே படகு."

மனைவி ஏணியில் இறங்கி வந்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படிங்களா," என்றார், மிக மெதுவாக.

மேலாளர் ஊஞ்சலிலிருந்து விழுந்தடித்து எழுந்தார்.

"உட்காரும்மா. டீ போடட்டுமா? தகரத்தை நான் பார்த்துக்கிறேன். கால் வலிக்குதா?"

ஆய்வாளர் மறுபடியும் அவர் நாடியைப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சார், மூட்டையைக் கட்டுங்க."

"அப்ப இவ?"

"வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணாமா? அம்மா இருக்கட்டும்."

மாலைப் படகு போயிற்று. மனைவி கரைவரை சென்று கையசைத்துவிட்டு வந்து, ஊஞ்சலில் படுத்தார். படுத்ததும் தூங்கிப்போனார். அந்தப் பக்கம் போன ஆய்வாளர் கண்டும் காணாமல் நடந்தார். வேலையாட்கள் ஓய்வெடுக்கிறார்களா என்று கண்காணிப்பது வேறு துறை. அதற்கு இன்னும் அதிகாரி நியமிக்கப்படவில்லை.

அந்தப் பதவிக்குத்தான் மேலாளர் இப்போது மனுப் போட்டிருக்கிறார். அதிகாரிகளுக்கும் நிம்மதி கட்டாயமில்லையாம்.