கண்ணாடியில் தெரிகிற ஹைஸ்கூல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் சுகம்தானே? அத்தானின் முழங்கால் இப்போதாவது மடங்குகிறதா?

"பாப்பா ஹைஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டாளே, எப்படிடா இருக்கு?" என்று போனில் கேட்டாய். பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய் போ! தினமும் காலையில் அந்த ஹைஸ்கூலையே ஒரு பஸ் நிறைய அள்ளிக்கொண்டு போய் இறக்கி, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருகிறவன் நான். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

முதல் நாளே பாப்பா கண்டிஷன் போட்டுவிட்டாள். "பஸ்ஸுல நீங்க டிரைவர், நான் ஸ்டூடண்ட். அப்பா கிப்பா எல்லாம் வீட்டுலதான்." சரி, வீட்டிலாவது அப்பாவாக இருக்கலாம் என்று, "இன்னைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." என் வீட்டுக்காரிக்கும் அதே பதில்தான். அவள் அத்தோடு விட்டுவிடுகிறாள். என்னால் முடியவில்லை, ஏனென்றால் எனக்கு முன்னால் கண்ணாடி தொங்குகிறது.

அதில் தெரிகிறது அக்கா, ஹைஸ்கூல். நாம் நினைப்பது போல் படிப்பெல்லாம் அங்கே சும்மா. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் முழுநேர வேலை. காலையில் தோளில் கை போட்டு ஏறுகிற இரண்டு பேர் சாயங்காலம் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தி மடியில் வைத்து எழுதுகிற வீட்டுப்பாடம் ஸ்கூல் கேட் வருவதற்குள் நாலு நோட்டுக்குப் பரவிவிடுகிறது, நான் ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றினால் நாலிலும் கோணல் விழுகிறது. ஒருத்தன் வழியெல்லாம் தலையை வாரிவிட்டு, இறங்கும்போது கலைத்துக்கொள்கிறான், அதுதான் ஸ்டைலாம். ஒரு பெண் அழுதால் பக்கத்தில் இருக்கிற மூன்று பேரும் அழுகிறார்கள், எதற்கு என்று அதில் இரண்டு பேருக்குத் தெரியாது.

நம் பாப்பா? கடைசி சீட்டில், பஸ் ஆயாம்மா பக்கத்தில். பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கதவைச் சாத்துகிறவர் அவர். அவரிடம் பேசுகிறாள் பார், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, மூச்சு விடாமல்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றவன் நான், கூட்டிக்கொண்டு போகிறவன் நான், கதை கேட்பது மட்டும் ஆயாம்மாவா? நேற்று ரேடியோவை அணைத்து, காதைத் தீட்டிக்கொண்டு, வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்தான். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. உதட்டசைவையாவது பிடிப்போம் என்று கண்ணாடியிலேயே கண்ணாக இருந்ததில், கை நீட்டி நின்ற கணக்கு டீச்சரை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டேன். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாராம். பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது, ஒரு பிள்ளையாவது வாயைத் திறக்கவில்லை. முதல் பீரியட் கணக்காம்.

கடைசியில் மானத்தை விட்டு ஆயாம்மாவிடமே கேட்டேன். "அப்படி என்னதாங்க சொல்றா?"

"வயசுப் பிள்ளைங்க ஆயிரம் பேசும், டிரைவர் சார். நீங்க ரோட்டைப் பாருங்க."

முகம் சுண்டிப்போய்விட்டது. வேறு ரூட் கொடுங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். நீ ஒரு வாரம் வந்து தங்கி, அவள் வாயிலிருந்து எதையாவது பிடுங்கிக் கொடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன்னிடம் பேசவும் செய்யட்டும்.

இப்படிக்கு,
பொறாமையில் வெந்துகொண்டிருக்கும்
உன் தம்பி

பி.கு.: இதை மடித்து வைத்தபின் நடந்தது. நான் ரூட் மாற்றச் சொன்னது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்று சாயங்காலம் பாப்பா நேராக வந்து எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி "அப்பா" என்றாள். "உங்ககிட்ட ஏன் சொல்றதில்ல தெரியுமா? பல்லுக்குக் கம்பி கட்டணும்னு சொன்னேன், உடனே அத்தைக்கு எழுதிட்டீங்க. அத்தை ஊருக்கே போன் போட்டாங்க. முகம் தெரியாதவங்க எல்லாம் என் பல்லை விசாரிச்சாங்கப்பா! ஆயாம்மா யாருக்கும் லெட்டர் எழுதறதில்ல. நீங்களும் எழுத மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்." ஸ்டீயரிங் மேல் சத்தியம் செய்தேன். கடைசி ஸ்டாப் வரை கொட்டித் தீர்த்தாள். அப்பப்பா, என்னென்ன நடந்திருக்கிறது அக்கா! ஆகவே நீ வர வேண்டாம். பாப்பாவைப் பற்றி இனிமேல் என்னைக் கேட்காதே. எனக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டேன். இப்படி ஒரு கடிதம் வந்ததையும் யாரிடமும் மூச்சு விடாதே.