ஐஸ்கட்டியின் ரத்த அழுத்தம்

சைரன் அலறியது.

அமைதியைத் தேடி மனிதகுலம் எத்தனையோ நூற்றாண்டுகள் அலைந்திருக்கிறது. அதை ஊளையிட்டு வரவழைத்த பெருமை அந்த லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கே உரியது. ஏழு மாதக் கர்ப்பிணியான ‘ஐஸ்கட்டி’யின் கையில் அலுவலகமே ஒரு வளையலை மாட்டிவிட்டிருந்தது. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் வளையல் சொல்லும், சைரன் ஊதும், எல்லாரும் ஓடி வந்து அவளை அமைதிப்படுத்துவார்கள்.

ஓடி வந்தார்கள்.

“டென்ஷன் ஆகாதீங்க” என்று தொண்டை கிழியக் கத்தினார் மேனேஜர்.

“நான் ஆகலை சார், இந்தச் சத்தம்தான்...”

சைரன் இன்னும் உரக்க அலறியது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போனில் தைரியம் சொல்வது அவள் வேலை. எவ்வளவு திட்டு வாங்கினாலும் குரல் உயராது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் டாக்டரம்மா பட்டப்பெயருக்கு மயங்குகிறவர் இல்லை.

“உடம்புல ‘ஓடு ஓடு’ன்னு விரட்டுற நரம்பும் இருக்கு, ‘போதும், உட்காரு’ன்னு அடக்குற நரம்பும் இருக்கு. உங்களுக்கு விரட்டுறது ஓங்கிடுச்சு. ரத்தக்குழாயெல்லாம் இறுகிக்கிட்டு வருது. குழந்தைக்குப் போற ரத்தம் குறைஞ்சுடக் கூடாதும்மா. மாத்திரையை விடாதீங்க, லீவு போடுங்க. தலைவலி, கண்ணுல மினுமினுப்புன்னா உடனே வாங்க” என்றிருந்தார்.

லீவு கேட்டாள். மேனேஜர் மனமுருகி ஒரு குழு அமைத்தார். ‘தாய்மை அமைதிக் குழு’ கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கட் தீரும்வரை ஆழ்ந்து விவாதித்து, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தது: இனி சைரன் ஒலிக்கக் கூடாது. பொறுப்பு, ‘நலன் அதிகாரி’யிடம் ஒப்படைக்கப்பட்டது.

மறுநாளே சைரன் வாயடைத்தது. சுவர்த் திரையில் அவள் பெயருக்கு நேரே அழகான பச்சைக் கோடு. அலுவலகம் எழுந்து நின்று கைதட்டியது. தலைமையகம் பாராட்டியது.

“சார், என் லீவு?”

“பச்சையா இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா லீவு? இந்த நிம்மதி வீட்டுல கிடைக்குமா?”

“மாமியார் இருக்காங்க, கிடைக்காதுதான். ஆனா படுத்துக்கலாமே சார்.”

மேனேஜர் இதை நகைச்சுவையாக ஏற்றுக்கொண்டு சிரித்தார்.

வாரக் கடைசியில் அவள் முகம் வீங்கியது. தலை பிளந்தது. போனில் ஒருவர், “ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கறேம்மா” என்று புலம்பிக்கொண்டிருக்க, கண்ணுக்குள் மின்மினிகள் பறந்தன.

“நானும்தான் சார்” என்று சொல்லிவிட்டு, போனைப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கொடுத்தாள். திரை பச்சையாகவே இருந்தது. சுவரை நம்புவதா, தலையை நம்புவதா? வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. வாடகை வண்டி பிடித்தாள்.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றினார், பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டார். அடுத்த நிமிடம் அவள் கட்டிலில் கிடந்தாள்; ஊசி ஏறியது. குழந்தையின் இதயத்துடிப்பு கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

“உள்ள இருக்கறவர் நல்லாத்தான் இருக்கார். சமயத்துல வந்துட்டீங்க. இனி வேலையெல்லாம் மறந்துடுங்க.”

மாலையில் மேனேஜர், நலன் அதிகாரி சகிதம் பூங்கொத்தோடு வந்தார். பச்சைக் கோட்டை அச்செடுத்து வந்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“உங்க மெஷினை ஒருதரம் செக் பண்ணிடுங்க டாக்டர். எங்ககிட்ட இவங்க பிரஷர் தங்கமா இருந்துச்சு.”

டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார். “இது தினமும் காலையில ஓடுற பையனோட பிரஷர். யாருது?”

நலன் அதிகாரி, விருது வாங்கப்போகிறவரின் அடக்கத்தோடு முன்னால் வந்தார்.

“என்னோடதுதான் டாக்டர். அக்காவோடதைக் காட்டினா சைரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அவங்களுக்கு டென்ஷன் வேண்டாமேன்னு நான்தான் மாத்திவிட்டேன்.”