நாலு தலை குறைகிறது

சுற்றறிக்கையைப் புள்ளிவிவரம் ஏழாவது தடவையாகப் படித்தார். ஏழு தடவையும் அது ஒரே மாதிரிதான் இருந்தது. மாவட்டத்தில் ஒன்பது பிரிவுகள். மக்கள்தொகை ஆறாயிரத்துக்குக் குறைந்தால் அந்தப் பிரிவு பக்கத்துப் பிரிவோடு இணைக்கப்படும். அலுவலகம் மூடப்படும். அதன் எழுத்தர் கடைக்கோடி மலைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அந்த எழுத்தர் இவர்தான். புள்ளிவிவரம் என்பது தெரு வைத்த பெயர். மலைப் பிரிவுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம், அறுபது வளைவு. இவருக்கோ பஸ் ஹாரன் கேட்டாலே குமட்டும்.

கணக்கெடுத்த ஆசிரியைகள் தாள்களைக் கொடுத்துவிட்டார்கள். விட்டுப்போனவர்களையும் புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. கூட்டுவதுதான் பாக்கி. கூட்டுவது என்றால் இவர் கூட்டுவதில்லை. பதினைந்து வருடமாக அலுவலகத்தில் எந்தக் கணக்கானாலும் தாள் கட்டு சாயங்காலம் வீட்டுக்கு வரும். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கூட்டிப் போடுவாள். காலையில் இவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. துல்லியத்துக்காக மேலதிகாரியிடம் இவர் பாராட்டுகூட வாங்கியிருக்கிறார்.

அன்றும் அவள் கூட்டினாள். இவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார், எதற்குக் குடித்தோம் என்று யோசித்தார்.

"கொஞ்சம் உட்காருங்களேன். எனக்கு எண் தப்பிடும்."

"எவ்வளவு வந்திருக்கு?"

"இப்பதான் பாதி."

"பாதி எவ்வளவு?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பாதி மலை மட்டும் ஏறுவீங்களா?"

கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு."

புள்ளிவிவரம் உட்கார்ந்தார். வெங்காயத் தோல் மேல்தான் உட்கார்ந்தார்.

"நாலு தலை குறையுது. நாலே நாலு. நான் எங்க போவேன் நாலு தலைக்கு?"

"சும்மா நாலு பேரை எழுதிடுங்க. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"என்ன பேசுற நீ? என் கணக்குல பொய்த்தலை ஒண்ணு இருந்தது உண்டா? ஆளு நிஜமா இருக்கணும். நிரந்தரமா இங்கேயே தங்கணும்."

"அப்படி யாரு வருவாங்க?" என்றாள் அவள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

இவர் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த பிரிவில், அவள் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகளும் வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இங்கே கூட்டி வரலாமா என்று இரண்டு வருடமாக அவளும் கேட்கிறாள். இடமில்லை என்று இரண்டு வருடமாக இவரும் சொல்கிறார். அண்ணனுக்கு ஒலிபெருக்கி பழுது பார்க்கும் தொழில்.

"உங்கம்மா ஒண்ணு," என்று விரலை மடக்கினார். "உங்கண்ணன், அண்ணி, பொண்ணு. நாலு."

"ஐயோ, வேண்டாங்க. அண்ணன் காலையிலேயே மைக்கைப் பிடிச்சு ஹலோ ஹலோங்கும். உங்களுக்கு ஆகாது."

"ஆகும். பழகிக்கிறேன்."

"அம்மாவுக்கு ஜன்னலோரம் கட்டில் வேணும். அது உங்க இடம்."

"நான் கூடத்துல படுத்துக்கிறேன்."

"நான் கூப்பிட்டா வர மாட்டாங்க. நீங்க சொன்ன சொல் அப்படி. நீங்களே போய்க் கூப்பிட்டா ஒருவேளை..."

அவள் முடிக்கும் முன் புள்ளிவிவரம் வாய்க்கால் பாலத்தில் இருந்தார். மாமியார் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை இவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தார்.

மறுநாள் வண்டி வந்தது. நாலு தலையும் பதினாறு ஒலிபெருக்கியும் இறங்கின. 'நிரந்தரமாகத் தங்குபவர்கள்' என்ற கட்டத்தில் இவரே நாலு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரியாக ஆறாயிரம். தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின.

பத்தாம் நாள் மேலதிகாரி போன் செய்தார்.

"என்னய்யா கூட்டியிருக்கீர்? இங்க மறுபடி கூட்டினா ஆறாயிரத்து நாப்பத்தொண்ணு வருது. அலுவலகம் தப்பிச்சுது, அது வேற விஷயம். நாப்பத்தொரு ஆளை எங்கய்யா விட்டீர்? நீர்தானே கூட்டினது?"

"நான்தான் ஐயா," என்றார் புள்ளிவிவரம். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். உள்ளே, "ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கூரை அதிர்ந்தது.

"கூட்டல் தப்பாமே," என்றார் மனைவியிடம், அதற்கும் மேலே கத்தி.

"அப்படியா? கண்ணு கொஞ்சம் மங்குது இப்பல்லாம்."

"அப்ப இவங்க வராமலே..."

"ஆறாயிரத்து முப்பத்தேழு," என்றாள் அவள், தாளைப் பார்க்காமலே.

புள்ளிவிவரம் அவளையே பார்த்தபடி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, போனது போகட்டும். அவங்க திரும்பிப் போகலாம் இல்ல?"

"எப்படிங்க? நிரந்தரம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க கணக்குல பொய்த்தலை இருக்கலாமா?"

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தக் கணக்கை மறுபடி எப்ப எடுப்பாங்க?"

"பத்து வருஷம் கழிச்சு, அத்தை."

"அப்ப இந்த ஜன்னலுக்குக் கெட்டித் துணியாவே திரை தைச்சிடலாம்."